உயில், தள்ளுபடி, 99 ஆண்டுக் குத்தகை: ஒரு சிறிய கல்லூரியின் எதிர்காலம் எங்கே எழுதப்படுகிறது?

1900-ல் இறந்துபோன ஒரு பெண்மணி எழுதிவைத்த உயிலை, 2024-ல் ஒரு கல்லூரி எடுத்து வைத்துக்கொண்டு, யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்காமல் விடுவது என்று முடிவெடுத்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஸ்வீட் பிரையர் என்ற பெண்கள் கல்லூரி அது. இந்தியானா ஃபிளெட்சர் வில்லியம்ஸ் என்பவர், பதினாறு வயதில் இறந்துபோன தன் மகள் டெய்சியின் நினைவாகத் தன் தோட்டத்தையும் சொத்தையும் எழுதிவைத்ததால் உருவான கல்லூரி. உயிலில் வெள்ளையினப் பெண்களுக்கு என்று இருந்தது. அந்த ஒரு சொல்லைத் தாண்டுவதற்கு 1960-களில் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2024-ல் திருநங்கையரைச் சேர்ப்பது பற்றிய கேள்வி வந்தபோது, உயிலில் உள்ள ‘பெண்கள்’ என்ற சொல்லுக்கு அது எழுதப்பட்ட காலத்தில் என்ன பொருள் இருந்திருக்கும் என்று பார்த்து, சேர்ப்பதில்லை என்று அறங்காவலர் குழு கொள்கை வகுத்தது. பேராசிரியர்கள் கூடி வாக்கெடுத்தார்கள், மிகப் பெரும்பான்மையானவர்கள் அந்தக் கொள்கையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். ஆனால் அந்த வாக்கு குழுவைக் கட்டுப்படுத்தாது.

கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் சிறிய கல்லூரிகளின் நிர்வாகத்தில் பெரும்பகுதி இதுதான். யாரோ எப்போதோ கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது, முடியவில்லை என்றால் யாரிடம் போய் விடுவிக்கச் சொல்வது. கல்லூரிகள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வழவழ தாளில் ஒரு திட்ட ஆவணம் போடுவார்கள், அட்டையில் இலையுதிர்காலத்து மரத்தடியில் நாலு மாணவர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கல்லூரியின் எதிர்காலத்தை அதில் தேடினால் அதிகம் கிடைக்காது. வாங்கிக்கொண்ட நன்கொடையின் நிபந்தனையில், அறிவித்துவிட்ட கட்டணத் தள்ளுபடியில், நிரந்தரமாக்கிய பேராசிரியர் பணியில், விடுதி கட்ட வாங்கிய கடனில் தேடினால் கிடைக்கும். ஒவ்வொன்றும் நாலு வருடத்துக்கோ முப்பது வருடத்துக்கோ நூறு வருடத்துக்கோ கையைக் கட்டிப்போடும் வாக்கு. எந்த வாக்கைக் கொடுக்கலாம் என்று யோசிப்பது திட்டமிடல், அதைக் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது நிர்வாகம். என் புரிதல் இவ்வளவுதான், மீதியெல்லாம் இதற்கான உதாரணங்கள்.

இந்த வகைச் சிறிய கல்லூரிகளை லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் என்பார்கள். லிபரல் ஆர்ட்ஸ் என்றதும் இலக்கியமும் வரலாறும் மட்டும் சொல்லிக்கொடுக்கும் இடம் என்று நினைத்துவிடுகிறோம். கணிதம், இயற்பியல், உயிரியல் எல்லாம் உண்டு. அமெரிக்காவில் இந்தப் பெயரில் இருப்பவை பெரும்பாலும் இளங்கலை மட்டும் நடத்தும் சிறிய தனியார் கல்லூரிகள். சில நூறு பேரிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வரை படிப்பார்கள், வளாகத்திலேயே தங்குவார்கள், ஒரே துறையில் விழுந்துவிடாமல் பல துறைகளைத் தொட்டுவிட்டுத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். வகுப்பில் பதினைந்து இருபது பேர்தான் இருப்பார்கள், பேராசிரியரே வந்து நடத்துவார். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர், கார்ல்டன் போன்றவை எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள். கோடிகோடியாகச் சேர்த்து வைத்திருப்பதால் அவற்றுக்கு நாளையைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. நான் பேசுவது அதற்குக் கீழே, சின்ன ஊர்களில், அந்த வட்டாரத்துக்கு வெளியே பேர் தெரியாமல் இருக்கும் கல்லூரிகளைப் பற்றி.

இவற்றின் அடிப்படைச் சிக்கல் எளிமையானது. பதினைந்து பேர் வகுப்பை அறுபது பேராக ஆக்கிச் செலவைக் குறைக்க முடியாது, ஆக்கினால் விற்பதற்கு வேறொன்றும் மிஞ்சாது.

சரி, கல்லூரி யாருடையது? இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் பாடம் நடத்தும் ஃபெலோக்களே கூடி நிர்வாகம் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஆரம்பத்திலிருந்தே வேறு ஏற்பாடு. பாடம் நடத்தாத, வெளியிலிருந்து வருகிற அறங்காவலர்கள்தான் சட்டப்படி கல்லூரி. இதைக் கெட்டியாக்கிய வழக்கு ஒன்று உண்டு. டார்ட்மவுத் கல்லூரிக்கு 1769-ல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ் பெயரில் சாசனம் கொடுத்திருந்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்தபின், 1816-ல் நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றம் அந்தச் சாசனத்தை மாற்றி அதை மாநிலப் பல்கலைக்கழகமாக்கப் பார்த்தது. அறங்காவலர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடிய டேனியல் வெப்ஸ்டர் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர். இது ஒரு சின்னக் கல்லூரிதான், ஆனாலும் இதை நேசிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் நீதிமன்றத்தில் தழுதழுத்ததாகக் கதை, பிற்பாடு எழுதப்பட்ட நினைவுக்குறிப்பு வழியாக வந்தது. 1819-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. சாசனம் ஓர் ஒப்பந்தம், அதை அரசு தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்றார் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். கம்பெனிச் சட்டம் படிப்பவர்களுக்கும் இது அரிச்சுவடி வழக்கு. கல்லூரிகளைப் பொறுத்தவரை இதன் பொருள், அரசன் கொடுத்த வாக்கு அரசன் போனபிறகும் நிற்கும். கூடவே இன்னொன்று, கடைசிச் சொல் அறங்காவலர்களுடையது.

ஆனால் அறங்காவலர்களுக்குப் பாடம் நடத்தத் தெரியாது. வருடத்துக்கு மூன்று நான்கு முறை வந்து இரண்டு நாள் தங்கி, அறிக்கைகளைக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள். பெரும்பாலும் நன்றாகச் சம்பாதித்த பழைய மாணவர்கள், வக்கீல்கள், நிதித்துறைக்காரர்கள். அதனால் எந்தப் பாடம், எந்தப் பேராசிரியர், பட்டத்துக்கு என்ன தகுதி என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேராசிரியர்கள் கைக்கு வந்தது. 1966-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கமும், கல்லூரித் தலைவர்கள் பக்கத்து அமைப்பும், அறங்காவலர்கள் பக்கத்து அமைப்பும் சேர்ந்து ஓர் அறிக்கையை உருவாக்கின. பாடத்திட்டம், கற்பித்தல், ஆசிரியர் நியமனம் ஆகியவற்றில் முதல் பொறுப்பு பேராசிரியர்களுக்கு, பணத்துக்கும் சொத்துக்கும் கடைசிப் பொறுப்பு அறங்காவலர்களுக்கு, நடுவில் இரண்டு பக்கமும் பேசி நடத்திக்கொண்டு போகவேண்டியவர் பிரசிடென்ட், அதாவது கல்லூரித் தலைவர். இதைத்தான் ‘ஷேர்டு கவர்னன்ஸ்’ என்கிறார்கள், கூட்டுப் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

காகிதத்தில் அழகான பிரிவினை. நடைமுறையில் எதுவும் அப்படிப் பிரிந்து வருவதில்லை. ஜெர்மன் துறையை மூடலாமா என்பது பாடத்திட்டக் கேள்வியா, பணக் கேள்வியா? இரண்டும்தான், அதனால் இரண்டு பக்கமும் அது தன்னுடையது என்று சொல்லும். இதோடு இன்னொரு சிக்கல், ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு கடிகாரம். மாணவருக்கு நாலு வருடம். நிரந்தரப் பணியில் இருக்கும் பேராசிரியருக்கு முப்பது வருடம், சில சமயம் அதற்கு மேலும். அமெரிக்கக் கல்வி கவுன்சிலின் 2022 கணக்கெடுப்பின்படி, பதவியில் இருக்கும் பிரசிடென்ட்கள் சராசரியாக 5.9 வருடம்தான் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார்கள், 2006-ல் இது 8.5 ஆக இருந்தது. பத்து வருடத் திட்டத்தை அறிவிக்கும் மனிதர் அது முடியும்போது அங்கே இருக்கமாட்டார் என்பது மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். மூன்று பிரசிடென்ட்களின் மூன்று திட்டங்களைப் பார்த்த பேராசிரியர் நாலாவது வரும்போது கைகட்டி உட்கார்ந்திருந்தால், அதை மாற்றத்துக்கு எதிரான மனநிலை என்று ஆலோசகர்கள் எழுதுவார்கள். எனக்கென்னவோ அது அனுபவ அறிவு என்றுதான் படுகிறது.

இப்போது பணத்துக்கு வருவோம், உண்மையான பிடி இங்கேதான் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் மாணவர், வருடக் கட்டணம் 50,000 டாலர் என்று இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வருமானம் 5 கோடி டாலர் என்று கணக்குப் போட்டால் தப்பு, ஏனென்றால் அந்த விலையை முழுதாகக் கொடுப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுக்கும் சராசரித் தள்ளுபடி இப்போது சுமார் 56 சதவீதம். ஸ்காலர்ஷிப் என்று பெயர் வைத்து, வாழ்த்துக் கடிதத்தோடு அனுப்புவார்கள். பெரும்பாலும் அதற்குப் பின்னால் தனியாக ஒரு நிதி கிடையாது, கல்லூரி வாங்காமல் விட்ட பணம், அவ்வளவுதான். ஆக நம் கல்லூரிக்கு ஒரு மாணவரிடமிருந்து கைக்கு வருவது 22,000 டாலர், மொத்தம் 2 கோடியே 20 லட்சம். விடுதி, சாப்பாட்டுக் கட்டணம் தனி.

இந்த வருடம் 250 பேர் சேருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் 220 பேர் சேருகிறார்கள். முப்பது பேர் குறைவு, ஒரு பேருந்தில் அடங்கிவிடுவார்கள். இந்த வருட நஷ்டம் 6 லட்சத்து 60 ஆயிரம் டாலர். ஆனால் அந்த முப்பது காலி இடமும் அடுத்த மூன்று வருடமும் கூடவே வரும், ஏனென்றால் இரண்டாமாண்டில் நுழைகிறவர்கள் சொற்பம். ஆக ஒரு மோசமான சேர்க்கைக் காலத்தின் விலை 26 லட்சத்து 40 ஆயிரம். வருடத்துக்கு 6 லட்சத்து 60 ஆயிரம் வீதம் விழும் இந்தப் பள்ளத்தை நிலைநிதியின், அதாவது முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் நன்கொடைச் சேமிப்பின், வருமானத்தைக் கொண்டு சரிக்கட்டலாம் என்று நினைத்தால், வருடத்துக்கு 5 சதவீதம் எடுக்கும் கணக்கில், இன்னும் 1 கோடியே 32 லட்சம் டாலர் நிலைநிதி கூடுதலாக இருந்திருக்க வேண்டும். ஒரு பேருந்து மாணவருக்கு இது.

அப்போது சேர்க்கை அலுவலகம் என்ன செய்யும்? தள்ளுபடியைக் கூட்டும். பக்கத்துக் கல்லூரியும் அதையேதான் செய்யும். ஏப்ரல் மாதத்தில் ஒரு தகப்பனார் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தக் கல்லூரியில் இன்னும் 4,000 டாலர் குறைக்கிறார்களே என்று சொன்னால், அலுவலர் கொஞ்சம் நேரம் கேட்டுவிட்டு 3,000 குறைத்துத் திரும்ப அழைப்பார். அந்த ஒரு அழைப்பு நாலு வருடத்துக்கு 12,000 டாலர் வாக்கு. அறங்காவலர் குழு ஒரு மேசை வாங்கக் கையெழுத்துக் கேட்கும், இது எந்தக் கூட்டத்துக்கும் வராது. இப்படி ஆயிரம் அழைப்புகள் சேர்ந்துதான் ஒரு கல்லூரியின் அடுத்த நாலு வருட வரவுசெலவு ஆகிறது. திட்டமிடல் குழுவில் யாராவது ஒருவர் அந்தத் தொலைபேசி ஒலிக்கும் அறையில் ஒரு ஏப்ரல் முழுக்க உட்கார்ந்திருந்தால் நல்லது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இதற்கு மேல், வரப்போகும் மாணவர்களே குறைவு. அமெரிக்காவில் அதிகக் குழந்தைகள் பிறந்த வருடம் 2007, ஏறக்குறைய 43 லட்சம். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு இறங்கத் தொடங்கி, 2020-ல் 36 லட்சத்தருகே வந்துவிட்டது. 2007-ஓடு பதினெட்டைக் கூட்டினால் 2025. பதினெட்டு வருடம் முன்பே தெரிந்த செய்தி இது, கல்வித்துறையில் இவ்வளவு முன்கூட்டித் தெரிகிற விஷயம் வேறு கிடையாது. இருந்தும் எத்தனையோ கல்லூரிகள் இந்த இடைவெளியில் கடன் வாங்கி விடுதியும் உடற்பயிற்சிக்கூடமும் கட்டின. சில கல்லூரிகள் விளையாட்டு அணிகளைச் சேர்த்தன. ஓர் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு நூறு பேர் வேண்டும், அந்த நூறு பேரும் கட்டணம் கட்டுகிற மாணவர்கள். மிச்சிகனில் உள்ள ஏட்ரியன் கல்லூரி 2005-க்குப் பிறகு இந்த வழியில்தான் பெரிதாக வளர்ந்தது. இது லிபரல் ஆர்ட்ஸா என்று முகம் சுளிக்கலாம், ஆனால் அந்தக் கல்லூரி நிற்கிறது.

நிலைநிதி என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கல்லூரி மூடப்போகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம், எட்டு கோடி டாலர் வங்கியில் வைத்துக்கொண்டு ஏன் மூடுகிறார்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். தமிழில் இதற்கு ‘கட்டளை’ என்று அருமையான சொல் இருக்கிறது. கோயிலில் விளக்குக்கு என்று எழுதிவைத்த கட்டளையை எடுத்து மதிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க முடியாது. கல்லூரி நிலைநிதியும் அப்படித்தான், ஒரே குவியல் கிடையாது, நூற்றுக்கணக்கான கட்டளைகள். ஒன்று லத்தீன் பேராசிரியருக்கு, ஒன்று குதிரையேற்றத்துக்கு, ஒன்று குறிப்பிட்ட மாவட்டத்திலிருந்து வரும் மாணவிக்கு. முதலைத் தொடக்கூடாது, வருமானத்தில் ஒரு பங்கு மட்டும். பெரும்பாலான மாநிலங்கள் 2006-ல் வந்த ஒரு மாதிரிச் சட்டத்தை ஏற்றுக்கொண்டிருக்கின்றன, அதில் விருப்பம்போல் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு பிரிவு, வருடத்தில் 7 சதவீதத்துக்கு மேல் எடுத்தாலே அது விவேகமற்ற செலவு என்று அனுமானிக்கச் சொல்கிறது. நடைமுறையில் 4 முதல் 5 சதவீதம் எடுப்பார்கள். நன்கொடையாளர் உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்டு நிபந்தனையைத் தளர்த்தலாம், இறந்துவிட்டால் மாநில அட்டர்னி ஜெனரலிடமோ நீதிமன்றத்திடமோ போக வேண்டும்.

இதெல்லாம் ஒரே இடத்தில் வெடித்த கதைதான் ஸ்வீட் பிரையரின் 2015. மார்ச் 3 அன்று, அந்தக் கோடையோடு கல்லூரியை மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். கையில் 8 கோடி டாலருக்கு மேல் நிலைநிதி, ஆனால் அதில் பெரும்பகுதி கட்டளை. மாணவிகள் எழுநூறு பேர் அளவில், தள்ளுபடி 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அறங்காவலர்கள் முட்டாள்கள் இல்லை, கணக்கு அவர்கள் பக்கம்தான் இருந்தது. பணம் முழுக்கத் தீர்வதற்குள் மூடினால் மாணவிகளை வேறு இடத்தில் சேர்த்துவிடலாம், ஊழியர்களுக்கு ஏதாவது கொடுத்து அனுப்பலாம் என்று யோசித்தார்கள். பணம் தீர்ந்தபின் மூடும் கல்லூரிகளைவிட இது பொறுப்பான முடிவு என்றுகூடச் சொல்லலாம்.

அவர்கள் செய்த தப்பு வேறு. பழைய மாணவிகளிடம் கேட்கவே இல்லை. இன்னும் பத்து மாதத்தில் மூடும் நிலை வரும், உங்களால் என்ன முடியும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லூரி மூடப்போகிறது என்ற பேச்சு வெளியே வந்தாலே அடுத்த வருடம் யாரும் சேரமாட்டார்கள், அந்தப் பேச்சே கல்லூரியை மூடிவிடும் என்ற பயம். பயம் நியாயமானதுதான். ஆனால் விளைவு, கடைசி நொடி வரை எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒரு நாள் திடீரென்று முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியதாயிற்று. பழைய மாணவிகள் கொதித்துப்போய் நிதி திரட்டினார்கள், வக்கீல் வைத்தார்கள், மாவட்ட அரசு வழக்கறிஞரே வழக்குத் தொடுத்தார். உயிலில் எழுதியிருக்கும் அறத்தை நடத்தத்தான் அறங்காவலர்களே தவிர, முடித்துவைக்க அல்ல என்பது வாதம். ஜூனில் மாநில அட்டர்னி ஜெனரல் முன்னிலையில் சமரசம் ஆனது. பழைய மாணவிகள் 1 கோடியே 20 லட்சம் டாலர் தருவது, 1 கோடியே 60 லட்சம் டாலர் கட்டளை நிதியின் நிபந்தனையைத் தளர்த்துவது, பிரசிடென்டும் பெரும்பாலான அறங்காவலர்களும் விலகுவது. எந்த உயில் கல்லூரியைக் காப்பாற்றியதோ அதே உயில்தான் ஒன்பது வருடம் கழித்து, நான் ஆரம்பத்தில் சொன்ன கொள்கைக்கும் ஆதாரமாக வந்து நின்றது. வாக்கு என்றால் இரண்டு பக்கமும் வெட்டும்.

பிழைத்தபின் அவர்கள் செய்ததும் கவனிக்கத் தக்கது. 2017-ல் பொய்விலையைக் கைவிட்டார்கள். கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 34,000 டாலர் என்று, 32 சதவீதம் குறைத்து, உண்மைக்குப் பக்கத்தில் ஒரு விலை போட்டார்கள். துறைகளைக் கலைத்து மூன்று மையங்களாக்கினார்கள். கைவசம் இருந்தது ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம், அதில் திராட்சை போட்டார்கள், பசுமைக்குடில் கட்டினார்கள். பொறியியல் பட்டத்தை வைத்துக்கொண்டார்கள், அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் தரும் பெண்கள் கல்லூரிகள் ஸ்மித்தும் இதுவும்தான்.

திட்டமிடல் ஜெயித்த கதைகளைப் பார்த்தால், அவை சுவாரஸ்யம் இல்லாமல் இருக்கும். கென்டக்கியில் பெரியா கல்லூரி 1892 முதல் மாணவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை, எல்லா மாணவரும் வாரத்தில் குறிப்பிட்ட மணிநேரம் வளாகத்தில் வேலை செய்ய வேண்டும். இது எப்படிச் சாத்தியம் என்று தேடினால், 1920-ல் அறங்காவலர்கள் எடுத்த ஒரு முடிவில் வந்து நிற்கும். யாராவது நிபந்தனை இல்லாமல் உயில் எழுதிவைத்தால், அந்தப் பணத்தை அன்றாடச் செலவுக்குத் தொடாமல் நிலைநிதியில் போட்டுவிடுவது. அவ்வளவுதான் முடிவு. கூரை ஒழுகும் வருடத்திலும் அதைத் தொடாமல் இருப்பது என்று நூறு வருடமாகப் பிடிவாதமாக இருந்திருக்கிறார்கள், இன்று நிலைநிதி நூறு கோடி டாலருக்கு மேல். அயோவாவில் கிரினல் கல்லூரிக்கு ஜோசப் ரோசன்ஃபீல்ட் என்ற அறங்காவலர் வாய்த்தார், அவர் 1968-ல், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற முதலீட்டாளர் வாரன் பஃபெட்டைக் குழுவுக்குள் கொண்டுவந்தார். கல்லூரியின் பழைய மாணவர் ராபர்ட் நாய்ஸ் இன்டெல் தொடங்கியபோது அதில் பணம் போட்டார்கள். 1976-ல் ஒஹையோவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தையே 1 கோடியே 29 லட்சம் டாலருக்கு வாங்கி, சில வருடத்தில் சுமார் 5 கோடிக்கு விற்றார்கள். இதிலிருந்து மற்ற கல்லூரிகள் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, பஃபெட்டைக் கண்டுபிடியுங்கள் என்பதைத் தவிர. பெரியாவின் 1920 முடிவு அப்படி இல்லை, யாரும் எடுத்திருக்கலாம்.

திட்ட ஆவணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு இவற்றைப் படிக்கும் பழக்கம் உண்டு, கெட்ட பழக்கம்தான். புதுமை, ஒருங்கிணைந்த கற்றல், உலகக் குடிமக்கள், மாணவர் வெற்றி. கல்லூரிப் பெயரைக் கட்டைவிரலால் மறைத்தால் எந்தக் கல்லூரி என்று கண்டுபிடிக்க முடியாது. நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், எதை நிறுத்தப்போகிறோம் என்று எங்காவது எழுதியிருக்கிறார்களா? அநேகமாக இருக்காது. சேர்ப்பதற்குக் கைதட்டல் கிடைக்கும், நிறுத்துவதற்கு எதிரிகள்தான் கிடைப்பார்கள். அப்படியே நிறுத்தினாலும் மிச்சம் பெரிதாக இருக்காது. இரண்டு பேர் உள்ள துறையை மூடினால், ஏற்கெனவே சேர்ந்த மாணவரைப் படிப்பு முடியும் வரை கொண்டுபோக வேண்டும், நிரந்தரப் பேராசிரியரை அவ்வளவு எளிதில் அனுப்ப முடியாது, அவர் நடத்திய பொதுப் பாடத்தை வேறு யாராவது நடத்தியாக வேண்டும். ஐந்து துறையை மூடியும் பள்ளம் நிறையவில்லை என்று இரண்டு வருடம் கழித்துத் தெரியும், அதற்குள் கல்லூரியைப் பற்றி வெளியே போன செய்தி வேறு.

மாணவர்கள் சண்டை போட்டு ஜெயித்த ஒரு கதையும் உண்டு. கலிஃபோர்னியாவில் மில்ஸ் என்ற பெண்கள் கல்லூரி, 1852-ல் தொடங்கியது. 1990 மே மாதம், மாணவர் எண்ணிக்கை போதவில்லை, இளங்கலையில் ஆண்களையும் சேர்க்கிறோம் என்று அறங்காவலர்கள் முடிவெடுத்தார்கள். மாணவிகள் இரண்டு வாரம் கட்டடங்களை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்களோடு சேர்வதைவிடச் சாவதே மேல் என்று பதாகை. பேராசிரியர்கள் கூடுதல் பாடம் எடுக்க முன்வந்தார்கள், பழைய மாணவிகள் பணம் தருவதாகச் சொன்னார்கள், அறங்காவலர்கள் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். கட்டித் தழுவி அழுத புகைப்படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 2022-ல் மில்ஸ், பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது, இப்போது அங்கே ஆண்களும் படிக்கிறார்கள். 1990-ல் மாணவிகள் தோற்றிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருடம் என்பது ஒரு கல்லூரிக்கு எத்தனையோ ஆயிரம் பேருடைய படிப்பு, அது வெற்றிதான். ஆனால் அன்று எல்லாரும் பெண்கள் கல்லூரியா இல்லையா என்பதை விவாதித்தார்கள், வரவுக்கும் செலவுக்கும் நடுவே இருந்த பள்ளத்துக்கு என்ன வழி என்ற கேள்வி அந்தக் கொண்டாட்டத்தில் தீராமலே நின்றுவிட்டது.

அதிகாரம் கல்லூரிக்கு வெளியே இருந்துவிட்டால் இந்தச் சண்டைக்குக்கூட இடம் இருக்காது. ஒஹையோவின் ஆன்டியாக் கல்லூரி கிளைக்குமேல் கிளை திறந்து பல்கலைக்கழகமாகி, கடைசியில் தாய்க் கல்லூரியே ஒரு கிளையாகிப்போய், 2007-ல் மேலே இருந்த பல்கலைக்கழகக் குழு அதை மூட முடிவெடுத்தது. பழைய மாணவர்கள் வளாகத்தை விலைக்கு வாங்கி 2011-ல் திரும்பத் திறந்தார்கள், முதல் வகுப்பில் 35 பேர். சிங்கப்பூரில் 2013-ல் மாணவர்களை வரவேற்ற யேல்-என்.யு.எஸ். கல்லூரியை நிறுத்தப்போவதாக 2021 ஆகஸ்டில் திடீரென்று அறிவித்தார்கள், அங்கிருந்த மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அது செய்தியாகத்தான் வந்தது. அங்கே வழக்குப் போடவோ உயிலைக் காட்டவோ ஒன்றுமில்லை.

மூடுவதற்கு முன் எவ்வளவு நாள் சொல்ல வேண்டும் என்பதும் வாக்குதான், யாரும் எழுதிவைக்காத வாக்கு. மாசச்சூசெட்ஸில் மவுண்ட் ஐடா கல்லூரி 2018 ஏப்ரலில் அறிவித்து மே மாதம் மூடியது. அதற்குப் பிறகுதான், 2019-ல், கல்லூரிகளின் நிதிநிலையை மாநிலம் முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. நியூயார்க்கில் 1868 முதல் இருந்த வெல்ஸ் கல்லூரி 2024 ஏப்ரல் கடைசியில் சொல்லி, அந்தப் பருவத்தோடு முடித்துக்கொண்டது. முதலாண்டு முடிக்கிற ஒரு மாணவிக்கு, அதற்குள் மற்ற கல்லூரிகளில் விண்ணப்பக் காலம் முடிந்திருக்கும்.

கடைசியாக வெர்மான்ட்டின் மார்ல்பரோ. இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1946-ல் ஒரு மலைப் பண்ணையில் தொடங்கிய மிகச் சிறிய கல்லூரி. அந்த ஊர்ப்பக்கத்து வழக்கப்படி ‘டவுன் மீட்டிங்’ வைத்து நடத்தினார்கள். மாணவர், பேராசிரியர், அலுவலக ஊழியர் எல்லாரும் ஒரே கூட்டத்தில் உட்காருவார்கள், ஆளுக்கு ஒரு ஓட்டு. கூட்டாக நிர்வாகம் செய்வதில் இதைவிட ஆழமாகப் போன கல்லூரி அமெரிக்காவில் அதிகம் இருக்காது. ஆனால் கல்லூரியை பாஸ்டனில் உள்ள எமர்சன் கல்லூரியோடு சேர்ப்பது என்று 2019 நவம்பரில் அறிவித்தபோது, அந்த முடிவு அறங்காவலர்களுடையது, டவுன் மீட்டிங்கில் ஓட்டுக்கு விட்டு எடுத்தது அல்ல. நிலைநிதி எமர்சனுக்குப் போனது, அங்கே ஒரு பிரிவுக்கு மார்ல்பரோ என்று பெயர் வைத்தார்கள். வளாகம் விற்பனைக்கு வந்தது.

அந்த வளாகத்தில் பல பத்தாண்டுகளாகக் கோடைதோறும் ஒரு இசைவிழா நடக்கும், உலகம் முழுக்கத் தெரிந்த அறையிசை விழா. இணைப்பை அறிவித்த அதே 2019-ல்தான் கல்லூரி அந்த விழாக்காரர்களுக்கு 99 வருடக் குத்தகை எழுதிக்கொடுத்திருந்தது. 2020-ல் கல்லூரி இல்லை. வாங்கியவர்கள் கையில் வளாகம் நிலைக்கவில்லை, 2021-ல் இசைவிழாவைச் சார்ந்தவர்களே அதை எடுத்துக்கொண்டார்கள். குத்தகை எழுதிய கல்லூரி போய்விட்டது, கோடை வந்தால் அங்கே இன்னும் வயலின் சத்தம் கேட்கிறது.